கையெழுத்துக்கு முன் வாலட் என்ன காட்டுகிறது என்று பாருங்கள்

கேள்வி:

வணக்கம் சார். இரண்டு வருடங்களாக ஒரு கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் கொஞ்சம் ஈதரும் கொஞ்சம் சொலானாவும் வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறேன். அவற்றைச் சொந்த வாலட்டுக்கு மாற்றிக்கொள் என்று தம்பி நச்சரிக்கிறான். பிரவுசரில் போடும் எக்ஸ்டென்ஷன் வாலட்தான் எளிது என்கிறான். அவன் மெட்டாமாஸ்க்கைச் சொல்கிறான், அலுவலகத் தோழி ஃபேண்டம் என்கிறாள், வீடியோ ஒன்றில் ரேபிதான் பாதுகாப்பு என்றார்கள். எக்ஸ்டென்ஷனே வேண்டாம், இணையதளத்தைத் திறந்தாலே வாலட் வந்துவிடும் என்றும் ஒரு விளம்பரம் பார்த்தேன். பழகிப் பார்க்க ஒரு வாலட் உருவாக்கினேன். அது கொடுத்த 12 சொற்களை ஃபோனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டில் ஒரே லேப்டாப், மகன் விளையாடுவதும் அதில்தான். பெரும்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, சிறு பகுதியை ஸ்டேக்கிங் (நெட்வொர்க்குக்கு ஈடாக ஒப்படைத்து வெகுமதி பெறுவது) செய்து பார்க்கவும் ஆசை. எந்த வாலட்டைப் போடட்டும்? இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை நம்பலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். ஃபோனில் படமாக இருக்கும் அந்த 12 சொற்களுக்குரிய வாலட்டில் ஒரு காசு கூடப் போடாதீர்கள். ஏற்கெனவே ஏதாவது போட்டிருந்தால், புதிதாக ஒரு வாலட் உருவாக்கி இன்றைக்கே அதற்கு மாற்றிவிடுங்கள். படத்தை அழித்துவிட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. பெரும்பாலான ஃபோன்கள் படத்தை எடுத்த கையோடு கிளவுடுக்கு ஏற்றிவிடுகின்றன. அதே கணக்கில் இருக்கும் மற்றக் கருவிகளுக்கும் அது போய்விடும். 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் ஸ்பார்க்கேட் என்ற தீநிரலைப் பற்றி அறிவித்தது. ஆப்பிள், கூகுள் இரண்டின் ஆப் ஸ்டோர்களிலும் இருந்த சில செயலிகளுக்குள் அது ஒளிந்திருந்தது. ஃபோனில் உள்ள படங்களைத் துழாவி, அவற்றில் உள்ள எழுத்துகளைப் படித்து, வாலட்டின் ரகசியச் சொற்கள் போலத் தெரிந்த படங்களை மட்டும் பொறுக்கி வெளியே அனுப்பியது. நீங்கள் செய்ததைத்தான் நிறையப் பேர் செய்கிறார்கள் என்பது திருடர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அந்தச் சொற்களுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? உங்கள் ஈதரும் சொலானாவும் லேப்டாப்புக்குள் வந்து உட்காருவதில்லை. அவை அந்தந்த நாணயத்தின் பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில் இருக்கின்றன. அவற்றை நகர்த்தும் உத்தரவில் கையெழுத்திடுகிற சாவி மட்டுமே வாலட்டில் இருக்கிறது. 2013-இல் வந்த பிஐபி-39 என்ற பொது முறைப்படி, 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்கள் எடுக்கப்படுகின்றன. உங்கள் சாவிகள் எல்லாமே அவற்றிலிருந்துதான் கணக்கிடப்படுகின்றன. ஆகவே அந்தச் சொற்கள் கிடைத்த எவரும், எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டும், உங்கள் வாலட்டை அப்படியே உருவாக்கிக்கொள்ளலாம். நீங்கள் வைத்த பாஸ்வேர்டு அவரைத் தடுக்காது. அது காப்பது இந்த ஒரு கணினியில் பூட்டி வைத்திருக்கும் நகலை மட்டும்தான்.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாலட் மென்பொருள்களின் பாதுகாப்பைச் சோதிப்பது என் தொழில். எந்த வாலட் என் மேசைக்கு வந்தாலும் மூன்றைப் பார்ப்பேன்: சாவியை எப்படி உருவாக்குகிறது, எங்கே வைக்கிறது, கையெழுத்துக்கு முன் பயனருக்கு என்ன காட்டுகிறது. முதல் இரண்டில் நீங்கள் நிறுவனத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கும். மூன்றாவதை உங்கள் கண்ணாலேயே பார்த்து முடிவு செய்யலாம். ஆட்கள் பணத்தை இழப்பதும் பெரும்பாலும் அங்கேதான். அதனால் உங்கள் தேர்வையும் அதை வைத்தே செய்யச் சொல்வேன்.

முதல் இரண்டையும் பற்றிக் கொஞ்சம். ட்ரஸ்ட் வாலட் பெரிய, பெயர் பெற்ற நிறுவனம். அதன் பிரவுசர் எக்ஸ்டென்ஷனில் 2022 நவம்பர் 14 முதல் 23 வரை உருவான வாலட்களில் ஒரு பிழை இருந்தது. சொற்களைத் தேர்ந்தெடுக்கப் பயன்பட்ட தற்செயல் எண், இருக்க வேண்டிய அளவு பெரியதாக இல்லை. மொத்தமே சுமார் 430 கோடி வாய்ப்புகள்தான். மனிதருக்கு அது பெரிய எண், கணினிக்கு அது அற்பம். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தே சாவியைக் கண்டுபிடித்துவிடலாம், சிலர் கண்டுபிடித்துத் திருடவும் செய்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்லோப் என்ற சொலானா வாலட்டின் மொபைல் செயலியில் வேறு மாதிரி கோளாறு. பிழைகளைப் பதிவு செய்யும் ஒரு சர்வருக்குப் பயனர்களின் ரகசியச் சொற்களும் பூட்டில்லாமல் போய்க்கொண்டிருந்தது தெரியவந்தது. அதையொட்டி ஆயிரக்கணக்கான கணக்குகள் காலியாயின. இந்த இரண்டு கோளாறுகளையும் ஒரு பயனர் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடித்திருக்க வழியே இல்லை. மூலநிரல் பொதுவில் இருப்பதும், வெளியார் தணிக்கை நடந்திருப்பதும், பல வருடம் பலர் கையில் புழங்கியிருப்பதும் நல்ல அறிகுறிகள். அவற்றை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்றும் உண்டு. எக்ஸ்டென்ஷன்கள் தாமாகவே அப்டேட் ஆகின்றன. 2025 டிசம்பரில் அதே ட்ரஸ்ட் வாலட்டின் குரோம் எக்ஸ்டென்ஷனுக்கு 2.68 என்ற பதிப்பு வந்தது. நிறுவனத்தின் பெயரில், அதிகாரப்பூர்வ கடை வழியாகவே வந்த அந்தப் பதிப்பில் திருடர்களின் நிரல் கலந்திருந்தது. 70 லட்சம் டாலருக்கும் மேல் போயிற்று. இழந்தவர்களுக்கு ஈடு செய்வதாக நிறுவனம் அறிவித்தது. பணத்தை இழந்தவர்கள் அன்று எந்தத் தவறும் செய்யவில்லை. இதைப் படித்துவிட்டு ட்ரஸ்ட் வாலட் வேண்டாம், இன்னொன்று போட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். எந்த எக்ஸ்டென்ஷனுக்கும் இந்த ஆபத்து உண்டு.

ஆகவே நீங்கள் நீண்ட நாள் வைத்திருக்க நினைக்கும் பெரும்பகுதிக்கு பிரவுசர் வாலட் இடமே இல்லை. அதற்கு ஒரு ஹார்டுவேர் வாலட் வாங்குங்கள். லெட்ஜர், ட்ரெஸர் போன்றவை பென் டிரைவ் அளவுள்ள சிறு கருவிகள். சாவி அந்தக் கருவியை விட்டு வெளியே வராது. பிரவுசரில் உள்ள எக்ஸ்டென்ஷன் உத்தரவைத் தயார் செய்து கருவிக்கு அனுப்பும், நீங்கள் கருவியின் சின்னத் திரையில் சரிபார்த்து பொத்தானை அழுத்தினால்தான் கையெழுத்து விழும். கருவி வாங்கும்போது நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். உள்ளே ஏற்கெனவே சொற்கள் எழுதிய அட்டை இருந்தால் அந்தக் கருவியைத் தொடவே கூடாது, சொற்களைக் கருவிதான் உங்கள் கண் முன்னே உருவாக்க வேண்டும். அந்தச் சொற்களை எக்காரணம் கொண்டும் கீபோர்டில் தட்டாதீர்கள். எக்ஸ்டென்ஷனில் ஹார்டுவேர் வாலட்டை இணை என்ற வழியும் இருக்கும், சொற்களைப் போட்டு இறக்குமதி செய் என்ற வழியும் இருக்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் கருவி வாங்கியதன் பலன் அந்த நிமிடமே போய்விடும். இந்தக் குழப்பத்தில் சிக்கியவர்களை அடிக்கடி சந்திக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம் உங்கள் லேப்டாப். எக்ஸ்டென்ஷன் சாவியைக் கணினியின் வட்டில், உங்கள் பாஸ்வேர்டால் பூட்டி வைக்கிறது. கணினிக்குள் ஒரு தீநிரல் புகுந்தால் அந்தப் பூட்டிய கோப்பை அப்படியே நகலெடுத்துக்கொண்டு போய், பாஸ்வேர்டை நிதானமாக ஊகித்துப் பார்க்க முடியும். அதனால் பாஸ்வேர்டு நீளமாக, வேறு எங்கும் பயன்படுத்தாததாக இருக்கட்டும். பூட்டும்கூடச் சில நேரம் காலை வாரிவிடும். 2022 ஜூனில் ஹால்பர்ன் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட கண்டுபிடிப்பின்படி, மெட்டாமாஸ்க் உட்பட சில வாலட்களில் ரகசியச் சொற்களைத் திரையில் காட்டச் சொல்லித் தட்டினால், பிரவுசர் அவற்றைத் தன் வழக்கமான நினைவுக் கோப்பில் பூட்டில்லாமல் எழுதிவைத்துவிடும் வாய்ப்பு இருந்தது. பிறகு சரிசெய்துவிட்டார்கள். வாலட்டுக்கு அடியில் இருக்கும் கணினி சுத்தமாக இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்காகச் சொல்கிறேன்.

மகன் விளையாடும் லேப்டாப் என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. விளையாட்டுகளுக்கான ஏமாற்று நிரல்கள், இலவசமாகக் கிடைக்கும் திருட்டு மென்பொருள்கள் இவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் தீநிரல்களில் பல, வந்தவுடன் முதலில் தேடுவது பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் வாலட் எக்ஸ்டென்ஷன்களின் கோப்புகளையும்தான். முடிந்தால் இதற்கென்று ஒரு பழைய கணினியைச் சுத்தமாக அழித்து, புதிதாக இயங்குதளம் போட்டு ஒதுக்குங்கள். முடியாவிட்டால் அதே லேப்டாப்பில் உங்களுக்கென்று தனிப் பயனர் கணக்கு, மகனுக்கு நிர்வாகி உரிமை இல்லாத வேறு கணக்கு. உங்கள் கணக்கில் வாலட்டைத் தவிர வேறு எந்த எக்ஸ்டென்ஷனும் இல்லாத ஒரு பிரவுசர் புரொஃபைல். கூப்பன் தேடித் தருவது, படம் சேமிப்பது என்று நாம் போட்டுக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன்கள் பல, எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்டு வாங்கியிருக்கின்றன. நீங்கள் பார்க்கும் பக்கத்தில் உள்ள முகவரியை மாற்றிக் காட்ட அதுவே போதும்.

இணையதளத்தைத் திறந்தாலே வாலட் வந்துவிடும் என்ற விளம்பரத்துக்கு வருகிறேன். தளத்தில் போய்ச் சொற்களைத் தட்டச்சு செய்து திறக்கும் வகையாக இருந்தால் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு முறையும் நிரல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே உங்கள் பாதுகாப்பு அமைகிறது. மைஈதர்வாலட் நல்ல பெயருள்ள தளம். 2018 ஏப்ரல் 24 அன்று அந்தத் தளத்தின் முகவரியைத் தேடி வந்தவர்களை, இணையத்தின் வழிகாட்டும் அமைப்பையே திசைதிருப்பி, சிலர் போலிச் சர்வருக்குக் கொண்டுபோனார்கள். முகவரிப் பட்டையில் எழுத்து சரியாகவே இருந்தது. சான்றிதழ் சரியில்லை என்று பிரவுசர் எச்சரித்தது. அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போனவர்கள் இழந்தார்கள், 200-க்கும் மேற்பட்ட ஈதர் போயிற்று.

இனி நான் முக்கியம் என்று சொன்ன மூன்றாவது விஷயம். ஒரு தளத்தோடு வாலட்டைச் சேர்க்கும்போது மூன்று வகை வேண்டுகோள்கள் வரும், இவை பார்வைக்கு ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். முதலாவது கனெக்ட். இதனால் உங்கள் முகவரி அந்தத் தளத்துக்குத் தெரியும், இருப்பைப் பார்க்கும். இதனால் மட்டும் பணம் போகாது. இரண்டாவது நேரடிப் பரிமாற்றம்: இவ்வளவு ஈதரை இங்கே அனுப்பு. இதுவும் புரிகிறது. மூன்றாவதுதான் ஆபத்தானது. ஈதர் இயங்கும் எத்தீரியம் என்ற பிளாக்செயினில், ஈதர் தவிர்த்த டோக்கன்களை (அதன் மேல் இயங்கும் மற்ற நாணயங்களை) ஒரு தளம் கையாள வேண்டுமானால், உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள அதன் ஒப்பந்த நிரலுக்கு முன்கூட்டியே அனுமதி தர வேண்டும். இதை அப்ரூவல் என்கிறார்கள். பல தளங்கள் வசதிக்காக அளவில்லாத அனுமதியைக் கேட்கும். அதைக் கொடுப்பது, தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட காசோலையை நீட்டுவது. இன்று ஒன்றும் நடக்காது. ஆறு மாதம் கழித்து அந்த நிரலை யாராவது கைப்பற்றினால் அன்று எடுத்துக்கொள்வார்கள், உங்களிடம் மறுபடி கேட்க மாட்டார்கள்.

இதிலேயே இன்னும் நுட்பமான ஒன்று பெர்மிட். இது பிளாக்செயினில் ஏறாத, கட்டணம் கேட்காத வெறும் கையெழுத்து. உள்நுழைவதற்குக் கேட்கும் கையெழுத்து போலவே திரையில் வரும். கட்டணம் இல்லையே, என்ன ஆகிவிடும் என்று நினைத்துப் போட்டுவிடுவார்கள். அதற்குள் டோக்கன்களை எடுத்துக்கொள்ளும் அனுமதி இருக்கும். காசு செலவாகாத கையெழுத்து பாதிப்பில்லாதது என்ற எண்ணம் உங்களிடம் இருந்தால் தயவுசெய்து இப்போதே விட்டுவிடுங்கள்.

நம்பகமான தளத்துக்குத்தானே போகிறேன் என்று கேட்கலாம். 2021 டிசம்பரில் பேட்ஜர் டாவ் என்ற சேவையின் உண்மையான தளத்துக்குள்ளேயே திருடர்கள் நிரலைச் செருகி, வருகிறவர்களிடம் இப்படிப்பட்ட அப்ரூவல்களை வாங்கிக்கொண்டார்கள். சுமார் 12 கோடி டாலர் போயிற்று. 2023 டிசம்பர் 14 அன்று, லெட்ஜர் நிறுவனம் பிற தளங்களுக்குக் கொடுத்திருந்த ஒரு இணைப்பு நிரலில் கை வைத்தார்கள். அதைப் பயன்படுத்திய பல தளங்கள் ஒரே நேரத்தில் சில மணி நேரம் திருட்டுத் தளங்களாயின. 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்ச் சுமார் 150 கோடி டாலரை இழந்ததும் இந்த வகைதான். கையெழுத்திட்டவர்கள் அனுபவசாலிகள், ஹார்டுவேர் வாலட்டும் வைத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் பார்த்த இணையப் பக்கம் ஒன்றைக் காட்டியது, கருவிக்குப் போன உத்தரவு வேறொன்று. கருவியின் திரையில் அந்த வேறுபாடு புரியும்படி தெரியவில்லை. சாவி பத்திரமாகவே இருந்தது, ஏமாந்தது கண்.

அதனால்தான் சொல்கிறேன்: வாலட் தன் சொந்தத் திரையில், இந்தக் கையெழுத்துக்குப் பிறகு உங்கள் கணக்கில் என்ன குறையும், என்ன சேரும், யாருக்கு எந்த அனுமதி போகிறது என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, புரியும் மொழியில் காட்ட வேண்டும். சிமுலேஷன் என்பார்கள். இது தவறவே தவறாது என்று சொல்ல முடியாது, ஆனால் அவசரத்தில் இருக்கும் கையை நிறுத்துவதற்கு இதைவிட நல்ல வழி இப்போதைக்கு இல்லை. இந்த வசதி இல்லாத வாலட்டை நீங்கள் பார்க்கவே வேண்டாம்.

உங்கள் பட்டியலில் உள்ள மூன்றும் இதைச் செய்கின்றன, அளவில்தான் வித்தியாசம். மெட்டாமாஸ்க் 2016-இலிருந்து இருக்கிறது, கன்சென்சிஸ் நிறுவனத்துடையது. ஏறக்குறைய எல்லா எத்தீரியத் தளங்களும் அதை ஆதரிக்கின்றன. அதனாலேயே போலிகளும் அதற்குத்தான் அதிகம். ரேபி, டிபாங்க் என்ற நிறுவனத்தின் படைப்பு, மூலநிரல் பொதுவில் இருக்கிறது. கையெழுத்துக்கு முந்தைய திரை என் பார்வையில் மூன்றிலும் மிகத் தெளிவானது, பழைய அப்ரூவல்களைப் பார்த்து ரத்து செய்யும் வசதியும் உள்ளேயே உண்டு. ஆனால் எத்தீரியத்துக்கும் அதே முறையில் இயங்கும் மற்ற பிளாக்செயின்களுக்கும்தான் அது, சொலானாவுக்கு உதவாது. ஃபேண்டம் 2021-இல் சொலானாவுக்காக வந்து, பிறகு எத்தீரியத்தையும் பிட்காயினையும் சேர்த்துக்கொண்டது. அதன் மூலநிரல் பொதுவில் இல்லை என்பது எனக்கு ஒரு குறை. எச்சரிக்கைகள் தெளிவாக இருக்கின்றன, லெட்ஜர் கருவியையும் இணைக்கலாம்.

உங்களிடம் இரண்டு காயின்களும் இருக்கின்றன, இப்போதுதான் தொடங்குகிறீர்கள். ஆகவே ஒரே எக்ஸ்டென்ஷன், ஃபேண்டம், அதில் சிறு பகுதி மட்டும். இதுதான் என் பரிந்துரை. எக்ஸ்டென்ஷன் இரண்டானால் எது எங்கே என்று குழம்பிக் கையெழுத்திடுவது புதியவர்களுக்கு மூலநிரல் பிரச்சினையைவிடப் பெரிய ஆபத்து. பிற்பாடு எத்தீரியத் தளங்களில் அதிகம் புழங்குவீர்கள் என்றால், அதற்கென்று தனிச் சொற்களோடு ரேபியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தம்பி சொன்ன மெட்டாமாஸ்க் மோசம் என்று நான் சொல்லவில்லை, உங்கள் நிலைமைக்கு இது பொருந்துகிறது, அவ்வளவுதான்.

இலவசம் என்பதைப் பற்றிப் பயம் வேண்டாம். வாலட்டுக்குள்ளேயே ஒரு டோக்கனை இன்னொன்றாக மாற்றும்போது எடுக்கும் பங்குதான் அவர்கள் வருமானத்தின் ஒரு முக்கிய வழி. மெட்டாமாஸ்க் அதற்கு 0.875 சதவீதம் எடுக்கிறது. பெரிய தொகையை மாற்றும்போது மட்டும் வேறு இடத்து விலையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டேக்கிங் ஆசையைப் பற்றி. சொலானாவுக்கு வெளித் தளம் எதுவும் தேவையில்லை, ஃபேண்டத்துக்குள்ளேயே ஒரு வாலிடேட்டரை, அதாவது பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் கணினியை நடத்துபவரை, தேர்ந்தெடுத்து ஒப்படைக்கலாம். திரும்ப எடுக்கும்போது எபக் என்று சொலானா பிரித்து வைத்திருக்கும் காலக்கூறு முடியும் வரை, அதாவது அதிகபட்சம் இரண்டு நாள் போலக் காத்திருக்க வேண்டும். ஈதரில் தனியாக வாலிடேட்டர் நடத்த 32 ஈதர் வேண்டும் என்பதால் சிறு தொகைக்காரர்கள் லிடோ, ராக்கெட் பூல் போன்ற கூட்டுச் சேவைகளுக்குப் போகிறார்கள். இங்கே ஒரு அடையாளம் சொல்கிறேன், மறக்காதீர்கள்: ஈதரை ஸ்டேக் செய்வது நேரடியாக ஈதரை அனுப்பும் வேலை, அதற்கு அப்ரூவல் தேவையே இல்லை. ஸ்டேக்கிங் என்று சொல்லிக்கொண்டு உங்களிடம் உள்ள வேறு டோக்கனுக்கு அனுமதி கேட்கும் தளத்தை அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள்.

எக்ஸ்டென்ஷனைத் தேடி நிறுவும்போது தேடல் முடிவில் மேலே வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள். 2021 நவம்பரில் செக் பாயிண்ட் நிறுவனம் சுட்டிக்காட்டியது இதைத்தான்: ஃபேண்டம், மெட்டாமாஸ்க் பெயர்களில் கூகுள் விளம்பரம் கொடுத்துப் போலித் தளங்களுக்கு ஆட்களை இழுத்து, 5 லட்சம் டாலருக்கு மேல் திருடியிருந்தார்கள். கடைக்குள்ளேயே தேடுவதும் போதாது. 2020 ஏப்ரலில் கூகுள் தன் குரோம் கடையிலிருந்து 49 போலி வாலட் எக்ஸ்டென்ஷன்களை நீக்கியது, அதுவரை அவை அங்கே இருக்கத்தான் செய்தன. நிறுவனத்தின் தளத்துக்கு முகவரியைத் தட்டிப் போய், அங்குள்ள இணைப்பு வழியாகவே கடைக்குச் செல்லுங்கள். ஏதாவது சிக்கலுக்குக் குழுக்களில் உதவி கேட்டால் சில நிமிடங்களில் உதவிக் குழு என்று சொல்லி யாராவது தனியாகச் செய்தி அனுப்புவார். உண்மையான உதவிக் குழு எதுவும் உங்கள் சொற்களைக் கேட்காது. பதில் போடாமல் தடுத்துவிடுங்கள்.

மாற்றும் நாளில் இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் புதிய வாலட்டின் சொற்களைத் தாளில், வரிசை மாறாமல், தெளிவான எழுத்தில் இரண்டு பிரதி எழுதுங்கள். இரண்டையும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள். பணம் போடுவதற்கு முன்பே எக்ஸ்டென்ஷனை நீக்கிவிட்டு, தாளில் உள்ள சொற்களை வைத்து மீட்டுப் பாருங்கள். அதே முகவரி வர வேண்டும். ஹார்டுவேர் வாலட்டையும் இப்படியே அழித்து, சொற்களைக் கருவியிலேயே உள்ளிட்டு மீட்டுப் பார்த்துவிடுங்கள். எழுதும்போது விட்ட பிழையை இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

பிறகு எக்ஸ்சேஞ்சிலிருந்து மிகச் சிறிய தொகை ஒன்றை அனுப்புங்கள். நெட்வொர்க் என்ற பெட்டியில் ஈதருக்கு எத்தீரியம், சொலானாவுக்கு சொலானா என்று இருக்கிறதா பாருங்கள். கட்டணம் குறைவு என்று வேறு நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் தேடும் இடத்தில் பணம் தெரியாமல் போகலாம். பெறும் முகவரியை எப்போதும் வாலட்டின் பெறுக பக்கத்திலிருந்தே எடுங்கள், ஹார்டுவேர் வாலட்டானால் கருவியின் திரையிலும் காட்டச் செய்து ஒப்பிடுங்கள். பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து நகலெடுக்காதீர்கள். உங்கள் முகவரியைப் போலவே தொடக்கமும் முடிவும் கொண்ட முகவரியிலிருந்து ஒன்றுமில்லாத தொகையை அனுப்பி, அந்தப் பட்டியலில் இடம்பிடித்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். 2024 மே மாதத்தில் ஒருவர் இப்படி ஏமாந்து 1,155 பிட்காயினுக்கு இணையான டோக்கனைத் தவறான முகவரிக்கு அனுப்பினார், சுமார் 6.8 கோடி டாலர். பெரும்பகுதி பின்னால் திரும்பக் கிடைத்தது, ஆனால் அந்த அதிர்ஷ்டத்தை எதிர்பார்த்து இருக்க முடியாது. அதனால் முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்துகளோடு நிற்காமல் நடுவில் உள்ளவற்றையும் பாருங்கள்.

சிறிய தொகை வந்து சேர்ந்து, அதில் கொஞ்சத்தைத் திருப்பி எக்ஸ்சேஞ்சுக்கே அனுப்ப முடிகிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிட்டு, பெரும்பகுதியை ஹார்டுவேர் வாலட்டின் முகவரிக்கும், ஸ்டேக்கிங்குக்கும் கட்டணத்துக்கும் வேண்டிய சிறு பகுதியை ஃபேண்டத்துக்கும் மாற்றுங்கள்.